பெட்டி மலையைச் சுற்றி வந்த நாள்

1. பஸ் கணக்கு

கோடை விழா நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலை மேல் இருக்கும் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸில் டீ ஆறிப்போகும். ரூம் கிடைக்குமா, போட் கிடைக்குமா, டிரைவர் எங்கே என்று போன் ஓயாது. அப்படி ஒரு நாள் முற்பகலில் எங்கள் டிரைவர் சரவணன் கூப்பிட்டான்.

“அக்கா, வாழவந்தி தாண்டி ஒரு வளைவுல டூரிஸ்ட் பஸ்ஸு ரிப்பேராகிக் குறுக்கால நின்னுருச்சுங்க. எங்களுக்கு முன்னாடி கண்ணுக்கு எட்டுன வரைக்கும் வண்டிங்க. இப்பைக்கு நகராதுங்க. டூவீலரு மட்டுந்தான் ஓரமா நுழைஞ்சு போவுது.”

அவன் காரில் இருந்தது கோகிலாவும் அவள் அப்பா பழனியப்பனும். கோகிலா நர்ஸ் படித்தவள். வளைகுடா நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அன்று சேலத்தில் விமானம் ஏற வேண்டும். அந்த வாரத்தோடு விசா முடிகிறது. அதற்குள் போய் இறங்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். அப்பா எஸ்டேட்டில் ஏணி போட்டு மிளகு பறிப்பவர். அந்தக் குடும்பத்திலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் ஆள் அவள்தான். விடிந்ததும் கிளம்புங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவர்கள் சேர்வராயன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். சாமியைக் குறை சொல்ல முடியுமா?

விழா நாட்களில் எங்கள் மலைப்பாதை ஒருவழி. அடிவாரம் வழியாக ஏற வேண்டும், குப்பனூர் வழியாக இறங்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் திரும்பி வரவும் வழியில்லை.

பழனியப்பன் போனை வாங்கினார். “அம்மிணி, நான் ஒண்ணு சொல்றேனுங்க. சேலத்து பிளேன் போனாப் போவுது. ரோடு விட்டதும் இந்தக் கார்லயே பெங்களூர் போயிர்றோமுங்க. அங்க பெரிய பிளேன்ல ஏறிக்கலாமுங்கல்ல?”

“அண்ணா, அது பஸ் கணக்குங்க. பஸ்ஸுல அடுத்த ஸ்டாப்புல ஏறுனா கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பிளேன்ல மொத ஊர்ல ஏறலீன்னா, ஆளே வரலைன்னு போட்டு மிச்ச டிக்கெட்டையும் தூக்கிருவாங்க.”

இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சேலத்திலிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து வெளிநாடு என்று ஒரே டிக்கெட்டில் இரண்டு செக்டார் இருந்தால், அவற்றை வரிசையாகத்தான் பறக்க வேண்டும். முதல் செக்டாரில் ‘நோ ஷோ’ ஆனால் அடுத்தது தானாகவே கேன்சல். விமானம் கிளம்பும் முன் சொல்லி மாற்ற வழி உண்டு. ஆனால் டிக்கெட் எடுத்தவர்தான் மாற்ற வேண்டும். எடுத்தது சென்னையில் இருக்கும் ஏஜென்சி. ஞாயிற்றுக்கிழமை. மணி அடித்தது, எடுக்க நாதியில்லை.

எங்கள் முதலாளி கரீம் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஏனுங்கம்மா, ரோடு அடைச்சதுக்கு நாம என்ன பண்றது? வண்டி அனுப்பிட்டோம், நம்ம வேலை முடிஞ்சுது. இங்க கஸ்டமர் நிக்கிறாங்க பாருங்க.”

“வண்டி அனுப்புறது இல்லீங்க பாய் நம்ம வேலை. ஆளக் கொண்டுபோயி சேக்குறது.”

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். என் குணம் அப்படி. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையிலிருந்து தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

“பின் பிரேக்கு கொஞ்சம் லூசுங்க. பாத்துப் புடிங்க.”

2. ஏர்போர்ட்டுக்கு இரண்டு கதவு

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ஏர்போர்ட்டில் அடைக்கிற கதவு ஒன்றல்ல, இரண்டு. பெட்டி வாங்கும் கவுண்டரை முதலில் அடைப்பார்கள். விமானத்துக்கு விடும் போர்டிங் கேட்டை அதற்கப்புறம்தான் அடைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கும். பெட்டி இல்லாதவர்களுக்கு மட்டும் பயன்படும் நேரம் அது.

முதல் நாளே கோகிலாவுக்கு வெப் செக்-இன் செய்து, சேலத்து போர்டிங் பாஸை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்திருந்தேன். மனதுக்குள் தூரத்தைக் கூட்டிப் பார்த்தேன். எப்படி ஓட்டினாலும் பெட்டிக் கவுண்டர் அடைத்தபின்தான் போய்ச் சேருவோம். ஆனால் கேட் அடைப்பதற்குள் போய்விடலாம். அந்த இடைவெளியில் கோகிலாவை நுழைத்துவிட முடியும். அவள் பெட்டியை முடியாது.

குப்பனூரில் எனக்குத் தெரிந்த டாக்சிக்காரரைக் கூப்பிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தி வைக்கச் சொன்னேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

3. வளைவில்

நின்றிருந்த கார்களுக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஸ்கூட்டர் போகும் அளவுக்கு இடம் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. பயந்தால் நிற்க வேண்டும், நின்றால் எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

நான் போனபோது அப்பாவும் மகளும் பெட்டியை இறக்கி ரோட்டோரம் வைத்துக்கொண்டு நின்றார்கள். சிவப்புப் பெட்டி, புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறையைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை.

“பாஸ்போர்ட்டு, விசா, சர்டிபிகேட்டு எல்லாம் எதுல இருக்குது கண்ணு?”

“தோள்பைலதானுங்கக்கா. துணிமணிதான் பெட்டில.”

“அப்பப் பெட்டி வேண்டாம். ஏறு.”

பழனியப்பன் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. “பெட்டி இல்லாம பொட்டப்புள்ள கண்காணாத ஊருக்கு எப்படிங்க போகும்? காப்பிப்பொடி, மிளகு, பருப்புப்பொடி எல்லாம் அவங்கம்மா பாத்துப் பாத்து வச்சதுங்க. முன்னாடி காலடியில வச்சுக்கலாமுங்களே?”

“இந்த வளைவுல அத வச்சுக்கிட்டு என்னால ஓட்ட முடியாதுங்கண்ணா. கொண்டுபோனாலும் வாங்க மாட்டாங்க, கவுண்டர் அடைச்சிருவாங்க. புள்ள போகணுமா, பெட்டி போகணுமா? சொல்லுங்க.”

அவர் பெட்டியை விட்டார். அப்போதுதான் ஸ்கூட்டரின் சீட்டைப் பார்த்தார்.

“அப்ப நானுங்க?”

அன்று அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். ஏர்போர்ட் பார்க்கவென்றே எடுத்த சட்டை என்று கோகிலா முந்தின நாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். கோகிலாவுக்கு இடம் விட்டு நான் சீட்டில் முன்னால் நகர்ந்தேன். அவரே புரிந்துகொண்டார்.

கோகிலா மளமளவென்று பெட்டியைத் திறந்தாள். வெள்ளை யூனிபார்ம் ஒன்றும் மாற்றுத்துணி ஒன்றும் எடுத்துத் தோள்பையில் திணித்தாள். அம்மாவின் பொடி டப்பாக்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மூடினாள்.

“வர்றேன்ப்பா.”

“பாத்துப் போ சாமி,” என்று அவள் தலையில் கை வைத்தார். அதற்கு மேல் நான் நேரம் கொடுக்கவில்லை.

இறக்கம் முழுவதும் பின்னால் உட்கார்ந்து அழுதாள். என் தோள்பட்டை நனைந்துவிட்டது. “அழுவறதுன்னா அழு கண்ணு. ஆடாம அழு. வண்டி ஆடுது,” என்றேன். அழுகையோடு சிரித்தாள். குப்பனூரில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு இருவரும் டாக்சியில் ஏறினோம்.

ஏர்போர்ட் வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்த்து அவளை உள்ளே விட்டார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். பெட்டிக் கவுண்டரில் யாரும் இல்லை. ஓர் ஊழியப் பெண் அவளை நிறுத்தி ஏதோ கேட்டாள். கோகிலா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அந்தப் பெண் செக்யூரிட்டி பக்கம் கையை நீட்டினாள். கோகிலா ஓடினாள். நான் அங்கேயே டிராலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

4. பெட்டி வந்தது

பஸ்ஸை நகர்த்தி ரோட்டைத் திறக்க வெகுநேரம் ஆனது. ஒருவழி என்பதால் சரவணனால் அப்படியே மேலே திரும்ப முடியவில்லை. குப்பனூருக்கு இறங்கி, சேலத்தைச் சுற்றி, அடிவாரம் வழியாக ஏறி வந்தான். சிவப்புப் பெட்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சாயங்காலம் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. கூடவே பழனியப்பனும்.

“புள்ள ஏறிருச்சுங்களா அம்மிணி?”

“ஏறிட்டாளுங்கண்ணா. பெங்களூர் போயி அடுத்த போர்டிங் பாஸும் வாங்கிட்டாளாம். இப்பத்தான் பேசுனா.”

நாற்காலியில் உட்கார்ந்தார். கரீம் பாய் டீ வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு, “அந்த பிளேனு எத்தனை பெருசா இருந்துச்சுங்க?” என்று கேட்டார்.

ஏர்போர்ட்டில் நான் கடிகாரத்தைப் பார்த்தேன், கண்ணாடியைப் பார்த்தேன், அவள் ஓடியதைப் பார்த்தேன். விமானத்தைப் பார்க்கவில்லை.

“நானும் பாக்கலீங்கண்ணா.”

“அதுனால என்னங்க,” என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். வேலை ஜெயித்த நாளில் இப்படி ஒரு வருத்தமும் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு, வெளிநாடு போகிறவர் யாராக இருந்தாலும், காகிதங்களும் ஒரு மாற்றுத்துணியும் தோள்பையில் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை. இது எல்லா டிராவல்ஸிலும் சொல்லிக்கொடுக்கக்கூடிய பாடம்தான்.

இன்னொன்றை நானாகக் கற்றுக்கொண்டேன். அடுத்த வருஷம் கோகிலா லீவில் வந்து திரும்பினாள். வண்டிக்கு நான் சொன்ன நேரத்தைக் கேட்டு கரீம் பாய் சிரித்தார். “அத்தன முன்னாடியே போயி ஏர்போர்ட்டுல ஈ ஓட்டவாங்க?” நான் மாற்றவில்லை. பழனியப்பன் அதே சட்டையில் வந்தார். சிவப்புப் பெட்டியை அவரே டிக்கியில் ஏற்றினார். கோயிலுக்கும் போய்விட்டுத்தான் இறங்கினார்கள்.

மத்தியானம் அவர் போன் வந்தது.

“அம்மிணி, பாத்துட்டேனுங்க. நான் நெனச்ச அளவுக்குப் பெருசில்லீங்க, நம்ம டவுன் பஸ்ஸுக்கு றெக்கை வச்ச மாதிரிதான் இருக்குது. வேலிக்கு இந்தப் பக்கமே நின்னுட்டிருந்தேனுங்க. புள்ள படியேறுறப்பத் திரும்பிப் பாத்துக் கையாட்டுச்சுங்க.”

பிளேன் கிளம்பும் நேரம், கேட் அடைக்கும் நேரம், கவுண்டர் அடைக்கும் நேரம், மலை இறங்கும் நேரம் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவதுதான் நம் வேலை. அப்படி எண்ணும்போது வழியனுப்ப வருகிறவருக்கும் கொஞ்ச நேரம் சேர்த்து எண்ணுங்கள். டிக்கெட்டில் அவர் பெயர் இருக்காது.