அடுக்கு வெள்ளைச் செம்பருத்தி

கெடாரில் இருக்கும் என் அத்தை வெள்ளையம்மாள் ஐம்பத்து நான்கு வயது வரை ஒரு செடியைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. கேட்டும் வாங்கியதில்லை. எல்லாம் ஒடித்தது. மருத்துவமனை வாசலில் ஒடித்த இட்லிப்பூ, கல்யாண மண்டபத்தில் ஒடித்த காகிதப்பூ, என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று அலுவலக ஜன்னலோரம் ஒடித்த ரோஜா.

"கேட்டு வாங்குனா துளிராதுடி. தெரியாம எடுத்துக்கினு வந்தாத்தான் வேர் புடிக்கும்" என்பாள். பகலெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், களை வெட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீட்டருகே ஒடித்து வந்து வளர்த்த தோட்டத்தில்தான் இருப்பாள்.

புயல் வெள்ளம் அதில் பாதியைக் கொண்டுபோனது. போனதையெல்லாம் மறுபடி ஒடித்து வந்துவிட்டாள். அடுக்கு வெள்ளைச் செம்பருத்தி மட்டும் எங்கும் அகப்படவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் மதில் மதிலாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஒலக்கூர் பக்கம் ஒரு பழைய ஜமீன் பங்களாவை ஒரு ஞாயிறு மட்டும் எல்லோருக்கும் திறந்துவிடுவதாக என் செல்போனுக்குச் செய்தியும் படங்களும் வந்தன. ஒரு படத்தில், தூண்களுக்குப் பின்னால், அந்தப் பூ. பெரிதாக்கிக் காட்டினேன். அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், அதுவும் தாவரவியல். கேட்டு வாங்கினாலும் கணு துளிர்க்கும் என்று எனக்குத் தெரியும். அத்தையிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் மனம் நோகும் என்றா, என் படிப்பில் எனக்கே நம்பிக்கை இல்லையா? பேருந்தில் யோசித்து முடிப்பதற்குள் திண்டிவனம் வந்துவிட்டது. "ஜல்தியா எறங்குடி, அடுத்த பஸ்ஸு போயிடும்!"

பங்களாவுக்குள் தேக்குப் படிக்கட்டு, ஆளுயரக் கண்ணாடி, கூரையிலிருந்து தொங்கும் பெரிய துணி விசிறி. நான் வாயைப் பிளந்து நின்றேன். அத்தை அந்தக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு, "பாத்தாச்சி, வா" என்று தோட்டத்துக்கு இழுத்துப் போனாள்.

வட்ட வட்டமாகப் பாத்திகள், நடுவில் வறண்ட நீரூற்று. அதைத் தாண்டி, என் தலைக்கு மேல் உயரமாக, செடி முழுக்க வெள்ளைப் பூ.

"அதேதான்டி!" அத்தை என் கையை இழுத்தாள். பக்கத்துப் பலகையைக் காட்டி, "அதுல என்னா போட்டிருக்கான்?" என்றாள்.

"தொடக்கூடாதாம்."

"தொடுறதுக்கா வந்தோம்?" பர்ஸிலிருந்து பாதி பிளேடை எடுத்தாள்.

"யம்மா, கேட்டா நானே குடுப்பேனே!"

பின்னால் காக்கிச் சட்டையில் தோட்டக்காரர். சவுரிராயன் என்று அட்டை மாட்டியிருந்தார். நாங்கள் வாய் திறப்பதற்குள் கத்தரியால் ஒரு கிளையை வெட்டி நீட்டினார்.

அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. "குடுத்துட்டியே அண்ணே. இனிமே எங்க துளிரும்?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என் ஊட்டுக்காரி இருதயமேரியும் இப்படித்தான். தோட்டக்காரன் பொண்டாட்டி, அடுத்த தெருவுல போயி ஒடிச்சிக்கினு வருவா." வெட்டிய கிளையைக் காலடி ஈரமண்ணில் செருகினார். "மோட்டார் போட்டுட்டு வர்றேன். தோட்டத்தச் சுத்திக்கினுதான் வருவேன், லேட்டாவும்." திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அத்தை செடியிடம் போய், நின்றுவிட்டாள். "என்கிட்டதான் பேசுனாரு. நான் எடுத்தா அவரு சொல்லி எடுத்ததா ஆயிடும். நீ எடு."

"நானா?"

"உன்ன அவரு பாக்கவே இல்லியே. பெரிய காலேஜி படிப்பு, ஒரு குச்சி வெட்டத் தெரியாதா?"

பிளேடை என் கையில் திணித்தாள். பென்சில் கனக் கிளை, நான்கு கணு, கணுவுக்குக் கீழே சாய்வாக. எழுதிப் பாஸான கேள்வி. தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டதும் வெட்டினேன். ஈரக் கைக்குட்டையில் சுற்றி, துப்பட்டாவுக்குள் வைத்தேன். கேட்டாலும் துளிர்க்கும் என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"மெதுவா நடடி, திருடி மாதிரி இருக்குது!"

என்னால் முடியவில்லை. வாசலைத் தாண்டியதும் ஓடினேன். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க, அத்தையும் பின்னாலேயே ஓடிவந்தாள்.