பந்தையும் சேர்த்துக் கூட்டிய வெள்ளிக்கிழமை

கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை இது. அதற்குப் பிறகு பேனாவைவிடத் துடைப்பத்தைத்தான் அதிகம் பிடித்தது. பிழை கண்ட இடத்தில் சரியான எழுத்தை நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். விஷயம் மட்டும் நிஜம்.

கத்தாரில் கடலோரமாக ஒரு பழைய கோல்ஃப் மைதானம். எண்ணெய் எடுக்க வந்த வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்திலேயே போட்டது. பேருக்கு ஒரு புல் கிடையாது, முழுக்க மணல். ஆடுகிறவர்கள் பச்சை நிறத்தில் சின்னப் பாய்த்துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோவார்கள். பந்தை அதன்மேல் வைத்து அடித்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு பந்தின் பின்னால் நடப்பார்கள். முதல்நாள் பார்த்தபோது, படுக்க இடம் தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எண்ணெய் கலந்த மணலை வட்டமாக அழுத்திச் சமமாக்கியிருக்கும். அதற்குப் பிரவுன் என்று பெயர். பிரவுன் கூட்டுவதுதான் 2001லிருந்து நான்கு வருடம் என் டியூட்டி. இரும்புச் சட்டத்தில் கட்டிய கனத்த சாக்கைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு, குழியருகே ஆரம்பித்து, முறுக்குப் பிழிவதுபோல் சுற்றிச் சுற்றி வெளியே வரவேண்டும். ஒரு கால்தடம் மிஞ்சக் கூடாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெம்பர்கள் வரமாட்டார்கள். பழைய மட்டைகளை வைத்து நாங்கள் ஆடிக்கொள்ளலாம். நாங்கள் தங்கியிருந்த கேம்பில் ஒரு சட்டம் இருந்தது: கடைசிக் குழியில் பந்தைப் போடாதவன்தான் அன்றைய கோழிக்குழம்புக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். கடல் உள்ளே வளைந்து வரும் இடத்துக்கு அக்கரையில் அந்தக் குழி. தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டும். பந்து கடலில் விழுந்தால் ஆட்டம் கலாஸ்.

நான் கூச்சக்காரன். யாராவது பார்த்தால் கை நடுங்கும். நான்கு வருடமும் என் பந்து கடலுக்குத்தான் போனது. வெங்காயம் உரிப்பதில் கேம்பில் என்னை மிஞ்ச ஆள் இல்லாமல் போய்விட்டது.

பிறகு என்னைத் தோஹா தொழில்பேட்டையில் ஒரு குடோனுக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் மூட்டை தூக்கினேன். தூக்கும்போதெல்லாம் மனதுக்குள் அந்தத் தண்ணீரைத் தாண்டிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை அந்தக் குழியில் பந்தைப் போட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. மைதானத்து ஸ்டோரில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருநாள் போன் செய்தார்.

"அண்ணை, நீங்கள் போனபிறகு ஒழுங்கா வெங்காயம் உரிக்க ஒருத்தருமில்லை. வெள்ளிக்கிழமை வாங்கோவன்."

போனேன். அவர், பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணிக் காவலாளி, நான் என்று மூன்று பேர் ஆடினோம். கடைசிக் குழிக்கு வந்தோம். அவர்கள் இருவரும் அடித்து, பந்துகளை அக்கரையில் சேர்த்துவிட்டார்கள். என் முறை.

"தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

"என்ன அண்ணை, குளிக்கவே போறியள்?"

ஆனாலும் திரும்பினார். காவலாளியையும் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அச்சா பாய், ஜல்தி ஜல்தி" என்று அவசரப்படுத்திக்கொண்டே காவலாளியும் மணல்மேட்டைப் பார்த்து நின்றார். அடித்தேன். பந்து கடலைத் தாண்டி, பிரவுனில் விழுந்து, உருண்டு, குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

"தம்பி! பாத்தீங்களா?"

"எப்பிடிப் பாக்கிறது? நீங்கள்தானே திரும்பச் சொன்னனீங்கள்!"

கரையைச் சுற்றி நடந்து அக்கரைக்குப் போனோம். அவர்கள் பந்துகள்தான் தூரத்தில் கிடந்ததால் முதலில் அவர்கள் ஆடினார்கள். முன்னும் பின்னும் நடந்து, ஒருவழியாகப் போட்டு முடித்தார்கள். பிரவுன் முழுக்கக் கால்தடம். ஒட்டகச் சந்தைபோல் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஓரத்தில் கிடந்த சாக்கின் கயிற்றை எடுத்தேன். குழியருகே ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தேன். எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தால், நண்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணை, பந்தையுமெல்லோ கூட்டிப்போட்டியள்!"

குழியருகே பந்து இல்லை. சாக்கோடு அத்தனை சுற்றும் சுற்றி வந்து, பிரவுனின் விளிம்பில் என் காலடியில் கிடந்தது. குழி இருபதடிக்கு அப்பால்.

"பழைய எடத்துலயே வச்சுக்கிறேனே தம்பி?"

"ஏலாது. நீங்கள் கூட்டினதையும் ஒரு அடியாத்தான் கணக்கு. இதைப் போட்டால் போட்டது, இல்லாட்டி வெங்காயம்."

"அப்ப மறுபடியும் திரும்பிக்கங்க."

"உங்களுக்கென்ன விசரே? ஒருக்காத் திரும்பினதே போதும். இந்தமுறை கண் வெட்டவும் மாட்டம்."

இரண்டு பேரும் குழிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அவர்கள் திரும்பாவிட்டால் போகிறது, நானாவது பார்க்காமல் இருக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். தட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. நான் கூட்டிய பிரவுனில் பந்து சத்தம் போடாது. பிறகு குழியில் புதைத்திருந்த தகரத்துக்குள் 'டொக்' என்றது.

"மாஷா அல்லாஹ்!" என்று காவலாளி கத்தினார். கண்ணைத் திறப்பதற்குள் நண்பர் என்னைத் தூக்கிவிட்டார்.

அன்றைக்கும் வெங்காயம் நான்தான் உரித்தேன். நானே கேட்டு வாங்கி உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தொழில்பேட்டையில் என் ரூமுக்கு நண்பர் போன் செய்து அங்கிருந்தவர்களிடம் சொன்னது பந்தைக் கூட்டிய கதையை மட்டும்தான். மற்றதை நான் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

14 மார்ச் 2008, வெள்ளிக்கிழமை.