வளைவில் இரண்டாம் கியர்

அக்கா மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். ஒரு சுற்று ஓட்டிப் பாருங்க மாமா என்று சாவியைக் கொடுத்தான். சாவி என்று சொல்வது மரியாதைக்கு. கையில் இருந்தது தேய்ந்த சோப்புத் துண்டு மாதிரி ஒன்று. உள்ளே உட்கார்ந்து காலை வைத்தால் இரண்டே பெடல். மூன்றாவது எங்கே என்று நான் குனிந்து தேடினேன், அவன் சிரித்தான். கிளட்ச் கிடையாதாம், கியரை வண்டியே பார்த்து மாற்றிக்கொள்ளுமாம். யாரைக் கேட்டு மாற்றும் என்று கேட்டேன். என்னைக் கேட்காமலே வேலை செய்கிற எதன்மேலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அது வண்டியானாலும் மனிதரானாலும்.

அவன் முந்தின நாள் கடற்கரைக்குப் போய் வந்திருப்பான் போல. கால்மிதியிலிருந்து ஈர ரப்பரும் உப்பும் கலந்த வாடை வந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் மரக்காணத்துக்குப் போய்விட்டேன்.

என் ஊர் பெருமுக்கல்லில் இருந்து பஸ் ஏறி மரக்காணத்துக்கு டிரைவர் வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஓர் உப்பள முதலாளிக்கு வண்டி ஓட்டினேன். ஐந்து கியர் வைத்த வெள்ளைப் பெட்ரோல் கார். உப்புக்காற்றில் கதவின் கீழ்விளிம்பு அப்பளம் மாதிரி பொரிந்திருக்கும். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவேன். பெடலில் படிந்த உப்பு குதிகால் வெடிப்பில் ஏறி எரியும்.

முதலாளிக்கு இடுப்பு வலி. மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு வரும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், பின்சீட்டில் அவர் பல்லைக் கடிப்பார். சம்பளம் ஏற்றாத கோபத்தில் நான் வேண்டுமென்றே குலுக்குவதாக அவருக்கு ஒரு நினைப்பு. அந்த மனிதர் நிழலைக்கூட நம்பமாட்டார். உப்பு மூட்டையில் இரண்டு முறை கை விட்டுப் பார்த்த பிறகுதான் அது உப்பு என்றே ஒத்துக்கொள்வார்.

டிரைவர் வேலையில் பாதி காத்திருப்பதுதான். அப்படிக் காத்திருந்த ஒரு நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெடலுக்குப் பக்கத்தில் கேமராவைக் கட்டி வைத்து ஓட்டுகிறான். இடது கால் கிளட்ச்சில். வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்துகிறது, அதே காலின் குதிகால் பக்கவாட்டில் திரும்பி ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறது. இன்ஜின் ஒரு உறுமல் உறுமும், அந்த வேகத்தில் சின்ன கியர் வெண்ணெய் மாதிரி விழும், குலுக்கல் இருக்காது. குதிகால் திரும்புகிற அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நெட் நின்று வட்டம் சுற்றும். வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்றே நான் நினைத்தேன்.

பழகியது உப்பளத்து மண்பாதையில். இரண்டு பக்கமும் பாத்தி, கொஞ்சம் தவறினாலும் உப்புத் தண்ணீரில்தான் இறங்கவேண்டும். முதல் வாரம் குதிகாலைத் திருப்பினால் முன்பாதம் பிரேக்கில் யானை மாதிரி ஏறிவிடும். ஒரு நாள் அப்படி நின்றதில், வியாபாரிக்குச் சாம்பிள் காட்ட முதலாளி எடுத்துப்போன உப்புப் பொட்டலம் கண்ணாடியில் மோதி அவிழ்ந்து கார் முழுக்க உப்பு மழை. ஆனால் ஒரு மாதத்தில் கால் பழகிவிட்டது. தை மாதக் கடைசியில் வண்டி குலுங்காமல் இரண்டுக்கு வந்தது. முதலாளிக்கு இடுப்பு வலி குறைந்தது, சந்தேகம் குறையவில்லை.

“ஏம்பா, வண்டி ஏன் உறுமுது? எம்மேல கோவமா?”

இல்லைங்கய்யா, உங்க இடுப்புக்காகத்தான் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். நம்பினார் என்று சொல்லமுடியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உப்பளத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு வளைவு. அங்கேதான் இரண்டாம் கியர் போட்டாகவேண்டும், அதனால் அங்கேதான் உறுமல். வளைவை ஒட்டி ஆரோக்கியசாமி அண்ணன் வீடு. அவரும் அவர் மனைவியும் எங்கள் அளத்தில்தான் வேலை, விடியுமுன்னே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வீட்டில் மகள் ஸ்டெல்லா மட்டும் இருப்பாள். புதுச்சேரியில் நர்சிங் இரண்டாம் வருடம். தெற்கே கீழ்புத்துப்பட்டு தாண்டிப் போகிற பஸ்ஸில்தான் தினமும் போவாள்.

நான் முதலாளியை ஏற்றிக்கொண்டு அந்த வளைவில் திரும்பும்போது காலை ஏழே முக்கால். வண்டி உறுமும், ஸ்டெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வருவாள். முதலில் நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு, சும்மா சொல்லக்கூடாது, காலையில் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை பேசியதில்லை, அவள் என் பக்கம் திரும்பியதும் இல்லை. ஆனாலும் இருபத்தாறு வயதில் ஒரு பெண் நம் வண்டிச் சத்தத்துக்கு வெளியே வந்தால், அது பஸ்ஸுக்காக என்று எவன் நினைப்பான்?

பலகையால் உப்பை வாரிக்கொண்டே ஆரோக்கியசாமி அண்ணன் இதைப் பார்த்திருக்கிறார். பாத்தியிலிருந்து பார்த்தால் அவர் வீட்டு வாசல் தெரியும். எங்கள் பக்கத்தில் பிடித்த பெண்ணின் வீட்டு முன்னால் பையன்கள் பைக்கை முறுக்கிச் சத்தம் கொடுப்பது ஊரறிந்த பாஷை. நான் காரில் கொடுக்கிறேன் என்று அவர் எண்ணிக்கொண்டதில் தப்பில்லை. உடனே சண்டைக்கு வரவுமில்லை. உப்பு விளையக் காத்திருக்கிறவர்களின் பொறுமை அவருக்கு. வைகாசியில் ஒரு நாள் முதலாளி கல்யாணத்துக்காகச் சென்னை போனார், நானும் வண்டியும் அவரோடு. அன்றைக்கு உறுமல் இல்லை. ஸ்டெல்லா எட்டு மணிக்கு மேல் வெளியே ஓடிவந்து பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள். கார் வராத நாளில் மகள் கிளம்பவில்லை. இதற்குமேல் அவருக்கு என்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் வளைவில் வண்டியை மறித்தார். கையில் உப்பு வாரும் பலகை. முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. நான் இறங்கி, வலது காலைத் தூக்கிக் காட்டி, முன்பாதம், குதிகால் என்று பாடம் நடத்தினேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஒரே கால்ல பிரேக்கையும் மிதிக்கிற, ஆக்சிலேட்டரையும் மிதிக்கிற. நீ நிக்கப் போறியா, போகப் போறியா?”

உலகத்தில் எந்த டிரைவராலும் அதற்கு வெயிலில் நின்று பதில் சொல்லமுடியாது. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் இடுப்புக்காகத்தானே கற்றுக்கொண்டேன், ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆரோக்கியசாமி அண்ணனும் அவரைத்தான் கேட்டார், தினம் கூட வர்றவர் நீங்க, நீங்களே சொல்லுங்கய்யா என்று.

“என்னைய இழுக்காத. எனக்கே அவன்மேல ஒரு டவுட்டு இருந்துச்சு” என்றார் முதலாளி.

வாசலில் நின்ற ஸ்டெல்லா அப்போதுதான் பேசினாள். வீட்டிலிருந்த ஒரே போனை அப்பா பாத்திக்கு எடுத்துப்போய்விடுகிறார். சுவர்க் கடிகாரம் உப்புக்காற்றில் பச்சை பூத்து நின்று ஒரு வருடமாகிறது.

“அந்தச் சத்தம் கேட்டா ஏழே முக்கா ஆச்சுன்னு கெளம்புவேன்பா. எனக்கு அதுதான் மணி. ஓட்டுறது யாருன்னுகூடத் தெரியாது.”

என் முகம் விழுந்துவிட்டது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை. ஆரோக்கியசாமி அண்ணன் மகளை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளாவது இவளுக்காக மிதிச்சியா? உண்மைய சொல்லு.”

இல்லை என்றேன். கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன். அந்தக் கொஞ்சத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று.

அன்றோடு உறுமலை விட்டுவிட்டேன். நல்லது செய்வதாக நினைப்பு. மாட்டிக்கிட்டதும் சத்தம் நின்னுபோச்சு பாரு என்று அவர் அளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன். வண்டி பழையபடி குலுங்கியது, முதலாளி பழையபடி பல்லைக் கடித்து, இப்ப என்ன கோவம் என்றார். ஸ்டெல்லா பஸ்ஸுக்கு வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், அப்புறமும் வரவில்லை. நேரில் போய் அவள் அப்பாவிடம் பேசலாமா என்று பல நாள் யோசித்தேன். போனால், பெண்ணுக்காகத் தூது வந்துவிட்டான் என்பார்கள். போகாவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு என்பார்கள். இப்படிக் கணக்குப் போட்டே நாளைக் கடத்தினேன். உண்மையில் பயம்தான். அடுத்த தை மாதம் அவளைச் செய்யூர்ப் பக்கம் சொந்தத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். சாலையை அகலப்படுத்தியபோது வளைவையே நேராக்கிவிட்டார்கள். வீடு இருந்த இடத்தில் ஜல்லி கொட்டித் தார் போட்டிருக்கிறது, பஸ் நிற்கிற இடமும் தள்ளிப் போய்விட்டது. அங்கே இனி யாரும் இரண்டாம் கியருக்கு வரவேண்டியதில்லை. முதலாளி இல்லை. ஆரோக்கியசாமி அண்ணன் போய் நாலு வருடம் ஆகிறது என்றார்கள். அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதிலைத் திருத்தலாம் என்றால் ஆள் இல்லை. மாசியிலும் பங்குனியிலும் கேட்டிருந்தால் இல்லை என்பது உண்மைதான். சித்திரையிலிருந்து தேவைக்குமேல் ஒரு மிதி மிதித்துக்கொண்டிருந்தேன், அவளுக்காகத்தான். அன்று அந்த வாசலில் நின்ற நாலு பேரில் ஸ்டெல்லா ஒருத்திதான் முழு உண்மையைச் சொன்னாள். படிப்பு போனது அவளுக்கு.