க்ளெனிஸின் பன்னிரண்டாவது அட்டை

க்ளெனிஸ் டிரான்டர் இருபத்தாறு வருடம் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் சமையல் செய்தவள். பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் ஊற்றும்போது யாருக்கும் ஒரு சொட்டு கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. சைக்கிளும் அப்படித்தான் ஓட்டுவாள். தலை நேரே, வாய் மூடி, ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஒரே முகம். அவள் புருஷன் ராய் நேர்மாறு. வேலிக்கு மேலே ஒரு குதிரை எட்டிப் பார்த்தால் நின்று அதனிடம் குசலம் விசாரிப்பான். இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பினால் நேரத்துக்கு வந்துவிடுவார்கள். ராய் தனியாகப் போனால் நாங்கள்தான் தேடிக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் சைக்கிள் சங்கத்தில் பந்தயம் கிடையாது. இங்கிலாந்தில், ஷ்ரொப்ஷயரின் சின்னச் சாலைகளில் இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு ஓர் அட்டை உண்டு. வழியில் டீக்கடைகளில் அதில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். கடை இல்லாத குக்கிராமம் என்றால் அட்டையில் ஒரு கேள்வி அச்சடித்திருக்கும். இந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் எத்தனை படி, அந்தக் கைகாட்டியில் எத்தனை மைல் என்று ஏதாவது. பதில் எழுதினால் வந்தாய் என்று அர்த்தம். குறுக்கே மெயின் ரோட்டில் புகுந்து வந்தவன் அங்கேதான் மாட்டுவான்.

அந்தக் கேள்விகளைப் போடுகிறவன் நான்தான். மெர்வின். பேருந்து நிலையத்தில் கால அட்டவணை போட்டுப் பழகியவன். கறாரான ஆள் என்று பெயர், அதை நான் மறுத்ததில்லை. ஆனால் என்னைவிடக் கறார் க்ளெனிஸ். அட்டைகளைச் சரிபார்க்க எனக்கு உதவிக்கு உட்கார்ந்த ஒரு வருடம், பதில் எழுத மறந்த ஓர் அட்டையைத் தூக்கி ஓரமாகப் போட்டாள்.

"ராயோடதும்மா அது" என்றேன்.

"தெரியுது. மறந்தா மறந்ததுதான். வீட்ல பேசிக்கிறேன்."

மாதத்துக்கு ஓர் இருநூறு, விடாமல் பன்னிரண்டு மாதம் ஓட்டினால் சங்கத்தில் ஒரு பட்டம் உண்டு. ஒரு மாதம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்துதான். அவர்கள் நான்கு தடவை முயன்றார்கள்; ஒரு தடவை ராயின் முழங்காலும் மற்றபடி காய்ச்சலும் பனியும் கெடுத்தன. ஐந்தாம் தடவையாகப் போன பிப்ரவரியில் ஆரம்பித்தார்கள். அக்டோபர் முதல் வாரம், என்னுடைய வழியில், ஹாப்வெல் ஏற்றத்தில், பழைய தேவாலயத்துக்கு எதிரே ராய் சைக்கிளோடு சாய்ந்தான். மாரடைப்பு. ஆம்புலன்ஸ் வருமுன்பே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் க்ளெனிஸ் வேறொரு சங்கத்தின் இருநூறை ஓட்டி அக்டோபரை முடித்தாள். பிறகு நவம்பர், டிசம்பர். அடக்கத்தன்று அவள் அழவில்லை. அதற்குப் பிறகும் யாரும் பார்க்கவில்லை. சங்கத்துப் பெண்கள் கேக்கும் கையுமாக அவள் வீட்டுக்குப் போய் வந்தார்கள். அவள் கேக்கை வாங்கி வைத்துக்கொண்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

ஜனவரி என்னுடைய வழி. ஹாப்வெல் வழியாகத்தான். இந்தத் தடவை கேள்வி அங்கேதான் வந்தது. தேவாலயம் இப்போது வீடாகிவிட்டது, அதன் கதவு என்ன நிறம் என்று போட்டிருந்தேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் போய்ச் சொன்னேன்.

"வழியை வேணா மாத்திடறேன் க்ளெனிஸ்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... உனக்குக் கஷ்டமா இருக்கும்ல."

"எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல மெர்வின். கஷ்டமா இருந்தா சொல்றேன். இந்த ஒண்ணை முடிச்சிட்டா பன்னெண்டு ஆயிடும். இப்ப எனக்கு வேற வேலையே கிடையாது. நீ பாட்டுக்கு வழியைக் கெடுத்து வைக்காத."

அன்று காலையிலிருந்து தூறல். இருபத்து நான்கு பேர் கிளம்பினார்கள், மாலைக்குள் ஊர் மண்டபத்துக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். க்ளெனிஸ் கடைசிக்கு முந்தி வந்தாள். அட்டையை என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு கிண்ணம் சூப்பை வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அட்டைகளைப் பார்த்தேன். இருபத்து மூன்றில் கதவு சிவப்பு. அவளுடையதில் நீலம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெவில் எட்டிப் பார்த்தான். இருபது வருடமாக எங்கள் செயலாளர் அவன், எதிலும் மூக்கை நுழைப்பான்.

"பாவம்யா, அந்தப் பக்கம் போக மனசு வந்திருக்காது. மெயின் ரோட்ல வந்துட்டு பழைய ஞாபகத்துல எழுதிருப்பா. கண்ணை மூடிக்கிட்டுக் குத்திவிடு."

"பாவம் பார்த்து முத்திரை குத்தினா அது முத்திரையாய்யா?"

"உனக்கு நெஞ்சுக்குள்ள என்ன, செங்கல்லா?"

செங்கல்லாகவே இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் எனக்குக் கோபம் அவள்மேல்தான். வழியை மாற்றுகிறேன் என்று கெஞ்சினேன், வேண்டாம் என்றவள் இப்படிச் செய்யலாமா? மறுநாள் காலையில் அவள் வீட்டுக்குப் போய், உட்காராமலே கேட்டேன்.

"ஹாப்வெல் போனியா, இல்லையா?"

"போனேன்."

"கதவு என்ன நிறம்?"

"நீலம்."

"சிவப்பும்மா. நீலம் அக்டோபர்ல இருந்தது, டிசம்பர்லயே மாத்தி அடிச்சிட்டாங்க. நான் போய்ப் பார்த்துட்டுத்தான் கேள்வியே போட்டேன்."

கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள், அடுப்பில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நின்னேன், மெர்வின். இறங்கி நின்னேன். கதவைப் பார்த்துக்கிட்டே நின்னேன். நீலமாத்தான் இருந்துச்சு." கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "பதில் தப்புன்னா தப்புதான். தள்ளிடு. பிப்ரவரியில ஒண்ணுலேருந்து ஆரம்பிக்கிறேன்" என்றாள். மளிகைக்குப் போய் வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள்.

அவள் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வழியைப் பதிவு செய்கிற கருவி ஒன்றும் அவள் சைக்கிளில் கிடையாது. அன்று மதியமே காரை எடுத்துக்கொண்டு ஹாப்வெல் போய், அந்தச் சிவப்புக் கதவைத் தட்டினேன். டிசம்பரில் குடிவந்த இளம்பெண் ஒருத்தி திறந்தாள். ராயைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. நேற்று மஞ்சள் சட்டையில், சைக்கிளில் ஒரு பெண்மணி வந்து நின்றாளா என்று கேட்டேன்.

"மஞ்சள் சட்டைக்காரம்மாவா? வந்தாங்களே. மழையில இருபது நிமிஷம் அப்படியே நின்னாங்க. வழி தவறிட்டாங்களோன்னு போய்க் கேட்டேன். இல்லைன்னாங்க. ஒரு கப் டீ கொண்டு போய்க் குடுத்தேன். வாங்கினாங்க, குடிக்கவே இல்ல. ஆறினதும் அப்படியே திருப்பிக் குடுத்துட்டாங்க. நல்லா இருக்காங்களா?"

நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டுக் காருக்குள் வந்து உட்கார்ந்தேன். எனக்குத்தான் அழுகை வந்தது. செங்கல் நெஞ்சுக்காரனுக்கு.

வந்தவரைப் பார்த்ததாக உள்ளூர்க்காரர் ஒருவர் சொன்னால் போதும், அது எங்கள் விதியிலேயே இருக்கிறது. நேரே க்ளெனிஸ் வீட்டுக்குத் திரும்பினேன்.

"உன் அட்டை செல்லும். அந்த வீட்டுப் பொண்ணு உன்னைப் பார்த்திருக்கு. டீயெல்லாம் குடுத்திருக்கு."

"டீயா? எனக்கா?"

"ஆமா. நீயும் வாங்கியிருக்க."

அவள் தன் கையைப் புரட்டிப் பார்த்தாள். நான் மேசையில் அட்டையை வைத்து, முத்திரையைக் குத்தினேன். பன்னிரண்டு மாதம், ஒன்றும் விடுபடவில்லை. ராயும் அவளும் ஆறு வருடமாக ஆசைப்பட்டது.

"மெர்வின்."

"ம்?"

"நான் அங்க அழுதேனா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முப்பத்தொரு வருடம் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டியவளிடம் முடியவில்லை.

"இல்லம்மா. அந்தப் பொண்ணு அப்படி ஒண்ணும் சொல்லல."

"சரி" என்றாள். "டீ வாங்கினதே ஞாபகம் இல்லையே. அப்ப எனக்கே தெரியாம அழுதிருப்பேனோன்னு நினைச்சேன்."

அட்டையை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தேன். நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிற வரைக்கும் அவள் அதைக் கையில் எடுக்கவில்லை.