சலோமி மிஸ்ஸின் கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்

விறகடுப்பில் காய்ந்த வெந்நீரில் ஒரு புகை வாசனை வரும், தெரியுமா? ஏற்காட்டு டிசம்பர் என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். எண்பதுகளின் நடுவில், ஒண்டிக்கடை முக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு மிஷன் ஸ்கூலில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். தங்கியதும் அங்கேயே ஹாஸ்டலில்தான். முதல் வேலை, முதல் ஸ்வெட்டர், முதல் குளிர்!

டிசம்பர் பிறந்ததும் "கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்" சீட்டு எடுப்போம். டீச்சர், சமையல் ஆள், வாட்ச்மேன் எல்லார் பெயரும் ஒரே டப்பாவில்தான். சீட்டில் யார் பெயர் வருகிறதோ, அவருக்குத் தெரியாமல் தினமும் ஒரு சின்ன உதவி செய்ய வேண்டும், அவருக்காக ஜெபிக்க வேண்டும். கேரல் பாட்டுப் பாடும் சாயங்காலம் எல்லார் முன்னாலும் அவர் எதிரில் போய் நின்று, அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான்… ஆனால் அந்த இரண்டு வாரமும் ஸ்கூலே பறக்கும்!

சீட்டு எழுதி மடித்துப் போடுவது வார்டன் சலோமி மிஸ். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் மட்டுமில்லை, நானும் நிமிர்ந்து உட்காருவேன். அவர் பெயர் மட்டும் நமக்கு வந்துவிடக் கூடாது என்பதுதான் எல்லாருடைய வேண்டுதலும்.

சமையல்கட்டில் வேலை பார்த்த அருளாயி அக்கா கிளியூரிலிருந்து நடந்தே வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. எடுத்த சீட்டை நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏனுங்க டீச்சர், இதுல யாரு பேருங்க எழுதியிருக்குது?"

பிரித்தால்… என் பெயர்!

உண்மையைச் சொன்னால் விளையாட்டே போச்சு. திருதிருவென்று முழித்தேன். வராந்தாவில் சலோமி மிஸ் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"சலோமி மிஸ் பேருங்க்கா."

"அவிங்களா? நல்லதாப் போச்சுங்க!"

மறுநாளிலிருந்து மிஸ் வாசலில் ஒரு வாளி வெந்நீர். ஒருநாள் ஜன்னலில் இரண்டு ஆரஞ்சு. சேறு அப்பிய செருப்பு கழுவிக் காய்ந்திருக்கும். மிஸ் ஒவ்வொருவராகப் பிடித்து, "யாரு செய்யறாங்கன்னு தெரியுமா கண்ணு?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது: மிஸ் பெயர் இருக்கும் சீட்டை நிஜமாகவே எடுத்தவர் யாரோ இருப்பாரே! கேரல் அன்று இரண்டு பேர் போய் நின்றால், அக்காவுக்குப் படிக்கத் தெரியாதது எல்லார் முன்னாலும் வெட்டவெளிச்சமாகுமே… என்னால்!

சொல்லிவிடலாம் என்று மூன்று முறை சமையல்கட்டு வரை போனேன். "மிஸ்ஸு இன்னைக்குப் பாட்டுப் பாடிட்டே போனாங்க டீச்சர்!" என்று அக்கா குதிப்பார். ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கேரல் சாயங்காலம் அக்கா நேராகப் போய் சலோமி மிஸ் எதிரில் நின்றார். கூட யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழவில்லை.

"புள்ளைங்களுக்குக் காச்சல்னா, இவிங்க தன்னோட கம்பளியப் போத்திவுட்டுட்டு வெறும் சேலையோட குளுருல உக்காந்திருப்பாங்க. விடியக்காலம் வர்றப்ப நான் பாத்திருக்கறனுங்க. நொம்ப நல்லவிங்க."

எங்களில் யாருக்கும் இது தெரியாது. மிஸ் மெதுவாகச் சொன்னார்.

"சீட்டு எழுதுனது நாந்தான் அருளாயி. எம் பேரை எழுதவே இல்லையே… யாருக்கு வந்தாலும் சங்கடப்படுவாங்கன்னு, நானும் எடுக்கல."

நான் எழுந்து அவர்களிடம் ஓடினேன். "பொய் சொன்னது நான்தான் மிஸ்! அந்தச் சீட்டுல இருக்கறது என் பேரு!"

திட்டு விழும் என்று நின்றேன். மிஸ் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார், எல்லாம் ஒன்றாக. அக்காவுக்கோ வேறு கவலை.

"அய்யோ, அப்ப உங்களுக்கு நான் ஒண்ணுமே செய்யலீங்களே டீச்சர்!"

ஹால் முழுக்க ஒரே சிரிப்பு!

அடுத்த டிசம்பரில் மிஸ் சீட்டு எழுதும்போது எட்டிப் பார்த்தேன். முதலில் எழுதியது தன் பெயரை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது எங்கள் சர்ச் வாட்ஸப் குரூப்பில் இதற்கு ஒரு ஆப். தட்டினால் பெயர் வரும், கிஃப்ட் கூரியரில் போய்விடும். யாரும் யார் வாசலுக்கும் போவதில்லை… போன வாரம் பெயர் லிஸ்ட் வந்தது. ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். லிஸ்ட் போட்ட பெண்ணின் பெயர் மட்டும் அதில் இல்லை.

உடனே அவளுக்குப் போன் போட்டேன்.