‘ஆக’ என்று விழுங்கிய வரிகள்

என் கண் இரண்டும் போய் நான்கு வருடமாகிறது. மகள் கைப்பேசியில் ஒலிப்புத்தகங்களைப் போட்டுக் கொடுக்கிறாள். எனக்குப் பிடித்தது போர் வரலாறு. தொண்ணூறைத் தாண்டிய பொம்பளைக்குப் பக்திக் கதை போதாதா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். போரை நான் வெறும் வயிற்றோடு பார்த்தவள். அதைப் பற்றி யார் என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் வீணையை மீட்டுகிறார்கள். ஒரு தளபதி பிறந்த ஊரைச் சொல்லும் அதே குரலில், அதே வேகத்தில், செத்தவர்களின் எண்ணிக்கையையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இன்னொருவர் பீரங்கி வெடிக்கும் இடத்தில் தானே வாயால் வெடித்துக் காட்டுகிறார். தளபதியின் குதிரைக்கு ஒரு பக்கம் கிடைக்கிறது. மலாயாவிலிருந்து சயாமுக்கு, இப்போதைய தாய்லாந்துக்கு, ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் போன எங்கள் ஆட்களுக்கு இரண்டே வாக்கியம். அதிலும் ஒன்று "மற்றும் பலர்" என்று முடிகிறது. அந்த மற்றும் பலரில் ஒருவன் என் வீட்டு வாசலிலிருந்து போனவன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் ஒரு பெரிய புத்தகம். ஒரு வாரமாகக் கேட்டேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பெண் குரல் வந்து, இதுவரை நீங்கள் கேட்டது சுருக்கப்பட்ட வடிவம் என்று நன்றி சொன்னது. எதைச் சுருக்கினார்கள் என்று மகளிடம் கேட்டேன்.

"யாருக்கும்மா தெரியும்? போர் அடிக்கிற பகுதிய எடுத்திருப்பாங்க லா."

போர்ப் புத்தகத்தில் போர் அடிக்காத பகுதி எதுடி என்று கத்தினேன். கைப்பேசியைத் தூக்கி எறிந்ததில் அதன் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. ஒரு புத்தகத்துக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று அவள் கேட்டாள். அதற்குத்தான் இந்தப் பதில். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். ஒரு வரியையும் விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. கணவர் செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர். அவருடைய தம்பியும் எங்களோடு இருந்தான். என்னைவிட ஒரு வயது இளையவன், வாய் ஓயாமல் பேசுகிறவன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண்ணில் கோளாறு. தூரத்தில் போகிற ரயிலின் நம்பரைச் சொல்லிவிடுவேன், கையில் இருக்கும் எழுத்து கலங்கிப் போகும். தடித்த கண்ணாடி போட்டுத்தான் படிப்பேன். வெள்ளைக்காரன் ஓடி, ஜப்பான்காரன் வந்து சேர்வதற்கு இடையில் கோலாலம்பூரில் கடைகளையும் கிடங்குகளையும் ஆளாளுக்கு உடைத்துத் தூக்கினார்களே, அப்போது தையல் மிஷினைத் தலையில் வைத்து ஓடிய ஒருவன் என்மேல் மோதினான். கண்ணாடி கீழே விழுந்தது. அவனுக்குப் பின்னால் வந்த கூட்டம் அதை மிதித்துப் பொடியாக்கிவிட்டுப் போனது.

புதுக் கண்ணாடிக்கு ஊரெல்லாம் அலைந்தோம். காய்ச்சலுக்கே மருந்து இல்லாத காலம், கண்ணாடிக்கு எங்கே போவது? இந்த வயதிலேயே வெள்ளெழுத்தா என்று கணவர் கேலி செய்வார். மளிகை மடித்து வந்த காகிதத்தைக்கூட விடாமல் படித்தவள், பிறர் வாயைப் பார்த்து உட்காரும்படி ஆனேன்.

அந்த வாய் பக்கத்து வீட்டுக் கிராணியின் வாய். கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர். தோட்டம் மூடியதும் மகள் வீட்டோடு வந்துவிட்டார். கணீரென்ற குரல். வானொலிப் பெட்டிகளுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். பேப்பரைத் திறந்தால் நாள் தவறாமல் ஜப்பானுக்கு வெற்றி. எது உண்மை என்று தெரியாத ஒரு போரைக் கேட்டு அலுத்த எங்கள் வரிசைக்காரர்களுக்கு, முடிவு தெரிந்த ஒரு போர் தேவைப்பட்டது. என் கணவரிடம் முந்தைய ஐரோப்பிய யுத்தத்தைப் பற்றிய தமிழ்ப் புத்தகம் ஒன்று இருந்தது. கிராணி அதை மாலை நேரங்களில் கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பார். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மண்ணெண்ணெய் இல்லாமல் படிக்க முடிந்தது. ஜப்பான்காரன் எங்களுக்குச் செய்த உபகாரம் அது ஒன்றுதான்.

அந்தப் புத்தகத்தை நான் ஏற்கெனவே இரண்டு முறை படித்திருந்தேன். அதனால்தான் அவருடைய தில்லுமுல்லு பிடிபட்டது. பதுங்குகுழியில் அழுகிய கால்கள், விஷப்புகையில் குருடானவர்கள், முள்கம்பியில் தொங்கிக்கொண்டு தண்ணீர் கேட்டவன் எல்லாம் புத்தகத்தில் உண்டு, அவர் வாயில் வராது. அந்த இடம் வந்ததும் விரலை நாக்கில் தொடுவார், "ஆக" என்பார், இரண்டு பக்கம் காணாமல் போயிருக்கும். ஆக, பிரெஞ்சுப் படை முன்னேறியது. இரண்டு தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை, நடுவில் ஒருவன் முள்கம்பியில் தொங்கினானே, அவன் என்ன ஆனான் என்று கேட்டுவிட்டேன்.

"பொம்பளைங்க கேக்கிற எடத்தில அதெல்லாம் எதுக்கும்மா?" என்று சிரித்தார். "வயித்தில ஒண்ணும் இல்லாம வந்து உக்காந்திருக்கு சனம். கொஞ்சம் சந்தோசமா எழுந்து போகட்டுமே."

கூட்டமும் தலையாட்டியது. அவர் நல்லவர் என்று பேர் எடுத்தவர். அந்த நல்ல பேரை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வருடம் பட்டறையிலிருந்து சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவோம் என்றார்கள். கணவர் பேரும் வந்தது. மறுநாள் காலை லோரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் அழுதுகொண்டே வேட்டியை மடித்து வைத்தேன். அவர் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

"கடுதாசி போடறேன். கிராணி ஐயா படிக்க முடியாம வெக்கப்பட்டு நிக்கணும், அப்படி எழுதறேன் பாரு."

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. ஒரு மாலை, வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு மனிதர் தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைக்கு வந்தார். நோயாளி என்று சயாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். கிள்ளானில் இருந்த தன் வீட்டுக்குப் போகிற வழியில் எங்களைத் தேடி இறங்கியிருந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தன. வீங்கிய கால் அப்போது எங்கள் வரிசையிலும் நாலைந்து பேருக்கு இருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடித்த பழுப்புத் தாள் ஒன்றைக் கொடுத்தார். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டோம். கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் இதில் எழுதியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். தண்ணீர் குடித்தார், போய்விட்டார். அவருக்கு ஒரு துண்டு கிழங்கு கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தாளைக் கிராணி வாங்கிக்கொண்டார். படிக்கிறவர் அவர்தானே. புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டு, அதே குரலில் தொடங்கினார். நலம். இங்கே மழை அதிகம். வேலை கடினம். சாப்பாடு கிடைக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தினார். விரல் நாக்குக்குப் போனது. ஒற்றைத் தாள் அது, புரட்டுவதற்குப் பக்கமே கிடையாது.

"ஆக, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், இப்படிக்கு" என்று முடித்துவிட்டார்.

அங்கே ஏதோ இருக்கிறது, அதை விழுங்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் என்ன நினைத்தேன்? சொன்னபடியே எழுதிவிட்டார் என் கணவர், கிராணிக்கு வாய் வரவில்லை என்று நினைத்தேன். கன்னம் சூடாகிவிட்டது. அத்தனை பேர் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். தாளை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் கொழுந்தன் கையை நீட்டினான்.

"குடுங்க அண்ணி, அண்ணன் கையெழுத்த ஒரு தடவ பாத்துட்டுத் தரேன்."

"இது எனக்கு வந்தது" என்றேன்.

அவனுக்கும் ஏதோ புரிந்ததுபோல் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் நன்றாகப் படிப்பான். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

பத்து நாள் கழித்து எங்கள் வரிசையில் சயாமுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் கேட்டார்கள். பந்திங்கில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், சுற்றிலும் ரப்பர் காடு. பல பையன்கள் அப்படி எங்காவது போய் மறைந்துகொண்டார்கள். நானும் அவனைப் போகச் சொன்னேன், ஆனால் அரை மனதோடு. அண்ணன் நலமாக இருக்கிறார், அங்கே சோறு கிடைக்கிறது, இங்கே மரவள்ளியைத் தின்றுகொண்டு கிடப்பதைவிட அவருக்குத் துணையாக இருக்கலாம் என்று அவன் சொன்னபோது, எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கிராணி மட்டும் போகாதே தம்பி என்றார். ஏன் என்று அவன் கேட்டான். கிராணி தொண்டையைச் செருமினார். அத்தனை பெரிய குரல் இருந்த மனிதருக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. மறுநாள் அவன் லோரி ஏறினான்.

அவன் போய் இருபது நாள் இருக்கும். ஒரு சேலையைக் கொடுத்து அரிசி வாங்கலாம் என்று கிள்ளானுக்குப் போனேன். கடைகளுக்கு முன்னால், அஞ்சடி நடைபாதையில், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாள் என் ரவிக்கைக்குள்தான் இருந்தது. கெஞ்சி அந்த லென்ஸை வாங்கினேன். நான் படிக்கப்போவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வெட்கப்பட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுத்து எழுத்தாகத்தான் தெரிந்தது. கிராணி விழுங்கிய இடத்தை அப்படியே கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

"தம்பியை எக்காரணம் கொண்டும் இங்கே வரவிடாதே. மூன்று மாதம் என்பது பொய். என்னோடு வந்தவர்கள் நிறையப் பேர் இப்போது இல்லை. ஆள் கேட்டால் பந்திங்குக்கு அனுப்பி ஒளித்து வை. வந்தால் செத்துப்போவான்."

எனக்கென்று அந்த வரிகளில் ஒரு சொல்லும் இல்லை. இருந்த இடம் முழுவதையும் தம்பிக்கே கொடுத்திருந்தார். லென்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அரிசி வாங்காமல் ரயிலேறினேன்.

கிராணி அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தாளை அவர் மடியில் போட்டேன். இதை எதற்கு விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ அழுவியேன்னுதாம்மா. அத்தன பேர் இருந்தாங்க. நல்லதுன்னு நெனச்சுதான் விட்டேன்."

சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னேன். அவர் வயதுக்கும் நரைத்த தலைக்கும் மரியாதை கொடுக்கவில்லை. உங்கள் சொத்தா அந்த வரி, யாரைக் கேட்டு விழுங்கினீர்கள் என்று கத்தினேன். முள்கம்பியில் தொங்கியவனை மறைத்தபோதே உங்கள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்றேன். வரிசையே வெளியே வந்து பார்த்தது, ஆனால் எந்த வரியைச் சொல்கிறேன் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் மூச்சு வாங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்குப் போய் அவன் படிச்சுக்குவான்னு நெனச்சேன். கேட்டானாமே. நீ ஏம்மா குடுக்கல?"

வரிகளை விழுங்கியதற்காக அவரை வெறுத்தேன். இந்த ஒரு கேள்விக்காக அதைவிட அதிகம் வெறுத்தேன். அது சரியான கேள்வி. தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு கொல்லைப்புற வாசிப்புக்கு நான் போகவில்லை.

போர் முடிந்து சில மாதம் கழித்துக் கணவர் திரும்பினார். எலும்பும் தோலுமாக வந்து நின்றவரைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். வரிசையே கூடிவிட்டது. கிராணியும் வந்து நின்றார். கணவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். தம்பி எங்கே என்று கேட்டார். உங்களைத் தேடிச் சயாமுக்கு வந்தான், அங்கே பார்க்கவில்லையா என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் இருந்த முகாமில் அவனை இறக்கவே இல்லை. எங்கே இறக்கினார்கள், எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என் கடுதாசி வரலையா?"

கிராணி தரையைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வந்தது என்று சொன்னால், அடுத்த கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாச் சத்தம் கேட்கவில்லை. எழுது என்கிறேன்.

"வரல" என்றேன்.

கடிதம் வந்த மாலையில் கொல்லையில் இருந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள், ஒருவரும் நான் சொன்னதை மறுக்கவில்லை. கிராணியின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவரைக் காப்பாற்றவா நான் சொன்னேன்?

கணவர் அதற்குப் பிறகு முப்பத்தொரு வருடம் இருந்தார். கடிதத்தைக் கொண்டுவந்த அந்தக் கிள்ளான்காரரைத் திட்டாமல் அவருக்கு ஒரு மாதம் போகாது. நாலு வரியைக் கொண்டு சேர்க்க வக்கில்லாத பயல், வழியில் எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டான், அவன் கையில் கொடுத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்பார். அந்த மனிதர் வீங்கிய காலோடு வீடு போய்ச் சேர்ந்த மாதமே இறந்துவிட்டார் என்று யாரோ சொன்ன பிறகும் விடவில்லை. செத்தவனையும் திட்டினார். நான் எதிரே உட்கார்ந்து, அவர் தட்டில் சோறு போட்டுக்கொண்டு, முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.