தங்கமான மனுசனைப் பற்றி ஒரு போன்

எங்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு ஒருவர் வந்திருக்கிறார். சேர்ப்பதற்கு முன் விசாரிப்பது என் பொறுப்பு. அவர் முன்பு வேலை பார்த்த கல்லூரியின் மேலாளருக்கு இன்று போன் செய்தேன்.

“தங்கமான மனுசன்லா” என்றார்.

“பிறவு ஏன் அண்ணாச்சி பாதி வருசத்துல நின்னாரு?”

“அவராத்தான் ராஜினாமா எழுதிக் குடுத்தாரு. அந்தப் பிள்ளை பேரு கெட்டுரக் கூடாதுன்னு நாங்களும் பெருசு பண்ணல.”

“எந்தப் பிள்ளை?”



“உங்க காலேஜ்ல பொம்பளப் பிள்ளைக உண்டா?”

“பாதிக்கு மேல அவங்கதான்.”

“அப்ப பாத்துக்கிடுங்க” என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னது நற்சான்றா, எச்சரிக்கையா? முதல்வரிடம் எதைச் சொல்வது?

துறைமுகத்துக்குள் நிலக்கரி லாரி ஓட்ட என் தம்பியிடம் போலீஸ் சான்று கேட்டார்கள். வகுப்பறைக்குள் போகிறவருக்கு எனக்குக் கிடைத்தது ஒரு ‘பாத்துக்கிடுங்க’.

யாருக்காவது புரிந்தால் கீழே சொல்லுங்கள்.